ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 107 ரூபா: சப்ரகமுவ தோட்டங்களின் சாப்பாட்டுக் கணக்கு

"தோட்டத்துச் சம்பளம் கூடியிருக்கிறது. அரசாங்கக் கொடுப்பனவும் வருகிறது. இருந்தும் பிள்ளைக்குக் கொப்பி வாங்கக் காசில்லை என்கிறார்கள். அப்படியானால் காசு எங்கே போகிறது?" இந்தக் கேள்வியை ஆசிரியர் ஓய்வறையிலும் கடை முற்றத்திலும் பள்ளிவாசல் நிர்வாகக் கூட்டத்திலும் பல தடவைகள் கேட்டிருக்கிறேன். கேட்பவர்கள் கெட்ட எண்ணத்தோடு கேட்பதில்லை. ஆனால் கேள்வியின் பின்னால் பெரும்பாலும் ஒரு முடிவும் ஒட்டிக்கொண்டு வருகிறது: "இவர்களுக்குச் சிக்கனம் தெரியாது."

அந்த முடிவு சரியா பிழையா என்பதை அறியக் கணக்குப் பார்ப்பதே வழி. தோட்டத்து வீடொன்றின் அடுப்படிக்கு மாதம் எவ்வளவு காசு வருகிறது, அது எதற்குப் போகிறது, குறையும்போது யாருடைய தட்டில் முதலில் குறைகிறது என்பதைப் படிப்படியாகப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

மலையகம் என்றதும் நுவரெலியாவும் ஹட்டனும் பதுளையும்தான் நினைவுக்கு வருகின்றன. சப்ரகமுவ அந்தப் படத்தில் ஓரத்தில்தான் இருக்கிறது. இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தோட்டங்கள் சிங்களக் கிராமங்களுக்கு இடையில் சிதறிக் கிடக்கின்றன. பலாங்கொடை, இறக்குவானை, காவத்தைப் பக்கம் தேயிலை அதிகம். எட்டியாந்தோட்டை, தெரணியகலை, தெஹியோவிற்ற, புளத்கொஹுபிட்டியப் பக்கம் தேயிலையோடு இறப்பரும் உண்டு. இத்தோட்டங்களுக்குக் கீழேயுள்ள நகரங்களில் பலசரக்குக் கடை வைத்திருப்பவர்களில் கணிசமானோர் எமது சமூகத்தவர்கள். தோட்ட எல்லையில் கூலி வேலையிலும் நடைபாதை வியாபாரத்திலும் மாணிக்கக் குழியிலும் வாழ்க்கையை ஓட்டும் முஸ்லிம் குடும்பங்களும் இருக்கின்றன. எனவே இது வேறு யாரோ ஒருவருடைய பிரச்சினை அல்ல. கடைக் கல்லாவின் இருபுறமும் நிற்பவர்களின் பிரச்சினை.

சம்பளம் எவ்வளவு?

நீண்ட போராட்டத்தின் பின்னர் 2021 மார்ச்சில் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,000 ரூபாவாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. அந்த ஆயிரத்தின் பெறுமதியை 2022 விழுங்கிவிட்டது. அந்த ஆண்டு செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதத்தைத் தொட்டது. அதாவது, ஓராண்டுக்கு முன்னர் 100 ரூபாவுக்கு வாங்கிய உணவுக்கு ஏறத்தாழ 195 ரூபா தேவைப்பட்டது. நாட்சம்பளமோ அப்படியே நின்றது. 2024 செப்டம்பரில் அது 1,350 ரூபாவானது. 2026 ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தில் 1,550 ரூபா அடிப்படைச் சம்பளமும், அரசாங்கம் வழங்கும் 200 ரூபா வருகை ஊக்குவிப்பும் முன்மொழியப்பட்டன. இரண்டும் சேர்ந்தால் நாளொன்றுக்கு 1,750 ரூபா.

இப்போது ஒரு மாதிரிக் கணக்கு. ஐந்து பேர் கொண்ட வீடு, தோட்டத்தில் ஒருவர் மட்டும் பதிவில் இருக்கிறார். மற்றவர் வெளியே கூலிக்குப் போனாலும் அந்த வருமானம் நிச்சயமில்லாதது என்பதால் அதை விட்டுவிடுவோம். மாதத்தில் 20 நாள் வேலை கிடைக்கிறது. பழைய சம்பளமான 1,350 ரூபாவில் 27,000 ரூபா வரும். சேமலாப நிதி, சந்தா போன்ற பிடிப்புகளுக்கு 3,000 ரூபா என்று வைத்துக்கொள்வோம். மின்சாரம், பிள்ளைகளின் பாடசாலைச் செலவு, பஸ் காசு, மருந்து, சவர்க்காரம், நன்மை தீமைகளுக்கான செலவு எல்லாவற்றுக்கும் 8,000 ரூபா என்று மிகவும் இறுக்கிப் போடுவோம். சாப்பாட்டுக்கு மிஞ்சுவது 16,000 ரூபா. அதை 30 நாட்களாலும் ஐந்து பேராலும் பிரித்தால் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு சுமார் 107 ரூபா.

இந்தத் தொகையை எதோடு ஒப்பிடலாம்? பாடசாலை உணவுத் திட்டத்தில் ஒரு பிள்ளையின் ஒரு வேளை உணவுக்கு அரசாங்கம் 2024 இல் ஒதுக்கிய தொகை 110 ரூபா. அந்தக் காசில் சமைத்துக் கொடுக்க முடியவில்லை என்று உணவு வழங்குநர்கள் சொல்வதை அதிபர்கள் பலரும் அறிவார்கள். இங்கே அதைவிடக் குறைந்த தொகையில் மூன்று வேளையும் முடிய வேண்டும்.

அரிசிக்குப் பிறகு மிஞ்சுவது

ஐந்து பேருக்கு நாளொன்றுக்கு 107 வீதம் மொத்தம் 535 ரூபா. அரிசியும் கோதுமை மாவும் சேர்த்து ஓர் ஆளுக்கு 300 கிராம் என்று கொண்டால் வீட்டுக்கு ஒன்றரைக் கிலோ வேண்டும். 2024 டிசம்பரில் அரசாங்கம் அறிவித்த உச்ச சில்லறை விலைகளில் சிவப்புப் பச்சையரிசி கிலோ 220 ரூபா, நாட்டரிசி 230 ரூபா. குறைந்த விலையையே எடுத்து, மாவையும் அதே கணக்கில் போட்டாலும் 330 ரூபா போய்விடுகிறது. மிச்சம் 205 ரூபா.

அந்த 205 ரூபாவுக்குள்தான் பருப்பு, தேங்காய், எண்ணெய், உப்பு, மிளகாய்த் தூள், வெங்காயம், சீனி, தேயிலை, மரக்கறி, பிள்ளைக்குப் பால்மா எல்லாம் அடங்க வேண்டும். 2025 இன் ஆரம்பத்தில் ஒரு தேங்காயின் விலையே 200 ரூபாவைத் தாண்டியிருந்தது நினைவிருக்கும். அன்று தேங்காய் வாங்கிய வீட்டில் பருப்பு இல்லை. பருப்பு வாங்கிய வீட்டில் சம்பல் இல்லை.

இத்தனைக்கும் 300 கிராம் தானியம் சுமார் 1,050 கலோரி சக்தியைத்தான் தரும். கொழுந்துக் கூடையோடு மலைச்சரிவில் நாள் முழுக்க நிற்கும் பெண்ணுக்குத் தேவையானதில் அது பாதியளவே. தோட்டத்து வீடுகளில் கோதுமை மா ரொட்டி ஏன் இவ்வளவு முக்கியமானது என்பதும் இங்கே விளங்கும். தடிப்பாகத் தட்டிய ரொட்டி பல மணி நேரம் வயிற்றில் நிற்கும், மலைக்குக் கொண்டுபோகவும் இலகு. நேரம், விறகு, பசி மூன்றையும் கணக்குப் பார்த்தே அந்தப் பெண் ரொட்டியைத் தேர்ந்தெடுக்கிறாள். அதை அறியாமை என்று சொல்வது அநியாயம்.

ஐந்து மழை நாள் செய்யும் வேலை

புதிய சம்பளத்தில் நிலைமை மாறாதா? 1,750 ரூபா வீதம் 20 நாள் வேலை செய்தால் 35,000 ரூபா. அதே 3,000 ரூபாவையும் 8,000 ரூபாவையும் கழித்தால் சாப்பாட்டுக்கு 24,000 ரூபா, அதாவது ஆளுக்கு ஒரு நாளைக்கு 160 ரூபா. இது உண்மையான முன்னேற்றம்தான். மறுக்க வேண்டியதில்லை.

ஆனால் சப்ரகமுவ இலங்கையின் மிக ஈரமான பிரதேசங்களில் ஒன்று. தென்மேற்குப் பருவமழை இறங்கினால் இறப்பர் மரத்தில் பால் வெட்ட முடியாது. மரப்பட்டை நனைந்திருந்தால் பால் சிரட்டைக்குள் விழாமல் பட்டையில் பரவி வீணாகும். மழைக்காப்புப் பொருத்தாத மலையில் அன்று வேலை இல்லை. வருட ஆரம்பத்தில் இறப்பர் இலையுதிர்க்கும் காலத்திலும் பால் குறையும். தேயிலையிலும் கொழுந்து குறைந்த மாதத்தில் வேலை நாட்கள் குறையும், நிறை போதாத நாளில் 'அரைப் பேர்' விழும். வெள்ளமும் மண்சரிவு எச்சரிக்கையும் வந்தால் அந்த வாரமே போய்விடும்.

வேலை நாட்கள் 20 இலிருந்து 15 ஆகக் குறைந்தால் என்ன நடக்கும்? 1,750 ரூபா வீதம் 15 நாளுக்கு 26,250 ரூபா. பழைய சம்பளத்தில் 20 நாள் உழைத்தபோது கிடைத்தது 27,000 ரூபா. ஐந்து மழை நாட்கள் முழுச் சம்பள உயர்வையும் கழுவிக்கொண்டு போய்விடுகின்றன. ஓர் ஆளுக்கான சாப்பாட்டுக் காசு மீண்டும் 102 ரூபாவுக்கு வந்துவிடுகிறது.

"சம்பளம் கூடியும் ஏன் போதவில்லை?" என்ற கேள்விக்கான விடையின் பெரும்பகுதி இதுதான். நாட்சம்பளம் எவ்வளவு என்று மட்டும் பேசுகிறோம். மாதத்தில் எத்தனை நாள் வேலை கிடைத்தது என்பதைப் பேசுவதில்லை. பசிக்கு மழை விடுமுறை கிடையாது. மாதத்துக்கு 30 நாளும் அது வரும்.

ஏழைக்கே விலை கூடும்

காசு குறைந்தவர் ஒரே பொருளுக்குக் கூடுதல் விலை கொடுக்கிறார் என்றால் சிலருக்கு வியப்பாக இருக்கும். பருப்பு கிலோ 300 ரூபா, 100 கிராம் 35 ரூபா என்று ஓர் உதாரணத்துக்கு வைத்துக்கொள்வோம். ஒரு கிலோ வாங்குபவர் 300 ரூபாவோடு முடித்துவிடுகிறார். பத்து நாளும் 100 கிராம் வீதம் வாங்குபவர் 350 ரூபா கொடுக்கிறார். எண்ணெய், சீனி, பால்மா, சவர்க்காரம் எல்லாவற்றிலும் இதே கதைதான். மொத்தமாக வாங்குவதே சிக்கனம் என்று அவருக்கும் தெரியும். மொத்தமாக வாங்குவதற்கு மொத்தமாகக் காசு வேண்டும்.

பல தோட்டங்களில் 10 ஆம் திகதியளவில் சம்பளமும் 25 ஆம் திகதியளவில் முற்பணமும் கிடைக்கும். கொடுத்த முற்பணம் அடுத்த சம்பளத்தில் வெட்டப்படும். இடையில் உள்ள நாட்களை நகர்த்துவது கடைக் கொப்பி. சம்பள நாளில் கொப்பிக் கணக்கைத் தீர்த்துவிட்டு வெறும் கையோடு திரும்பி, மறுநாள் அதே கொப்பியில் புதிய பக்கம் திறக்கும் குடும்பங்கள் ஏராளம். கடன் இருக்கும் கடையில்தான் வாங்க வேண்டும் என்பதால், பக்கத்துக் கடையில் பத்து ரூபா குறைவென்றாலும் அங்கே போக முடியாது. சந்தை நாளில் நகரத்துக்கு இறங்கினால் மரக்கறி மலிவு. ஆனால் முச்சக்கர வண்டிக் கூலியும் இழந்த வேலை நாளும் அந்த மலிவை விழுங்கிவிடும்.

கடைக்காரரின் பக்கமும் நியாயம் உண்டு. மொத்த வியாபாரிக்கு அவர் குறித்த நாளில் காசு கொடுத்தாக வேண்டும். கொப்பியில் எழுதிய எல்லாம் திரும்பி வருவதில்லை. மழை மாதத்தில் தோட்டம் சும்மா இருந்தால் அவருடைய கல்லாவும் சும்மாதான் இருக்கும். 2022 இல் தங்களுடைய கைமுதலைக் கரைத்து ஊருக்குச் சாமான் கொடுத்த கடைக்காரர்களை எனக்குத் தெரியும். கடன் கொடுப்பதைக் குறை சொல்வதற்கில்லை. அந்தக் கடன் எந்த விலையில், எவ்வளவு தெளிவாகக் கொடுக்கப்படுகிறது என்பதே கேள்வி.

முதலில் எதைக் குறைக்கிறார்கள்?

காசு இறுகும்போது வீட்டில் வெட்டு விழுவதற்கு ஓர் ஒழுங்கு இருக்கிறது. முதலில் மீன், இறைச்சி, முட்டை போகும். அடுத்துப் பழமும் மரக்கறியும். பிறகு பால். பருப்புக் கறி தண்ணீராகும். கடைசிவரை நிற்பவை அரிசி, மா, சீனி போட்ட வெறுந்தேநீர். வயிறு நிறைகிறது என்பதால் வெளியில் பார்ப்பவருக்குப் பசி தெரியாது. சத்து இல்லாத பசி உள்ளே நடக்கிறது.

வெட்டு விழும் தட்டுகளுக்கும் ஒழுங்கு உண்டு. எல்லோருக்கும் பரிமாறிவிட்டுச் சட்டியில் மிஞ்சியதைத் தாய் சாப்பிடுகிறாள். அந்தத் தாய்தான் அதிகாலையில் எழுந்து சமைத்து, மலைக்கு ஏறி, மாலையில் விறகோடு திரும்புபவள். அவள் கர்ப்பிணியானால் இந்தக் கணக்கு அடுத்த தலைமுறைக்குப் போகிறது.

2016 ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார ஆய்வு இதை எண்ணிக்கையில் காட்டியது. நாடளாவிய ரீதியில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 17.3 வீதமானோர் வயதுக்கேற்ற உயரமின்றி இருந்தனர். தோட்டத்துறையில் அது 31.7 வீதம், அதாவது மூன்றில் ஒரு பிள்ளை. 2019 இன் வறுமை மதிப்பீடும் அதே கதையைச் சொன்னது. தேசிய வறுமை 14.3 வீதமாக இருந்தபோது தோட்டத்துறையில் 33.8 வீதம். இவை 2022 நெருக்கடிக்கு முந்திய எண்கள் என்பதைக் கவனிக்க வேண்டும்.

வகுப்பறையில் இது வேறு பெயர்களில் வருகிறது: கவனமில்லாத பிள்ளை, தூங்கி விழும் பிள்ளை, வெள்ளிக்கிழமை வராத பிள்ளை. காலையில் வெறுந்தேநீரோடு இரண்டு மைல் நடந்து வந்த பிள்ளைக்கு மூன்றாம் பாடவேளையில் பின்னம் ஏறாது. கற்பித்தல் முறைகள் பற்றி ஆசிரியர் கலாசாலையில் நிறையப் படித்தோம். காலைச் சாப்பாடு பற்றித் தோட்டப் பாடசாலைதான் எனக்குப் படிப்பித்தது.

ஒவ்வொரு பஞ்சமும் ஏன் இங்கே முதலில் வருகிறது?

இந்த நிலைமை நேற்று உருவானதல்ல. தோட்டத் தொழிலாளர் தாம் உண்பதை விளைவிப்பவர்கள் அல்லர். ஏற்றுமதிக்கு விளைவித்து, உணவை விலைக்கு வாங்குபவர்கள். இந்திய வம்சாவளித் தொழிலாளருக்கான 1927 ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டம், கூலியோடு சேர்த்துத் தோட்டம் வழங்கும் அரிசியின் விலையையும் கவனத்தில் கொண்டது. அரிசி விலையைப் பேசாமல் கூலியைப் பேச முடியாது என்பது அன்றைய அதிகாரிகளுக்கே தெரிந்திருந்தது.

1942 இல் பர்மா அரிசி நின்றபோது நாட்டில் பங்கீட்டு முறை வந்தது. 1952 இல் இலங்கை சீனாவோடு செய்துகொண்ட இறப்பர் - அரிசி ஒப்பந்தம் சப்ரகமுவவின் மரங்களுக்கும் நாட்டின் சோற்றுப் பானைக்கும் இடையிலான தொடர்பை வெளிப்படையாகக் காட்டியது. இங்கே வெட்டிய பால் அங்கே போய் அரிசியாகத் திரும்பி வந்தது. 1953 இல் ஒரு கொத்து அரிசியின் பங்கீட்டு விலையை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தியபோது ஓகஸ்ட் 12 ஆம் திகதி ஹர்த்தால் வெடித்தது.

மிகக் கொடிய காலம் 1973, 1974. உலகச் சந்தையில் அரிசி, மா விலைகள் ஏறின, இறக்குமதிக்கு அந்நியச் செலாவணி இல்லை, பங்கீடு வெட்டப்பட்டது. கிராமத்து ஏழைக்கு ஒரு துண்டு நிலமும் ஒரு பலாமரமும் இருந்தன. லயத்தில் இருந்தவருக்கு அவை இல்லை. 1974 இல் தோட்டங்களில் இறப்பு வீதம் தெளிவாக ஏறியதைப் பதிவுகள் காட்டுகின்றன. பெரியவர்கள் 'பஞ்ச காலம்' என்று இன்றும் சொல்வது அந்த வருடங்களைத்தான். 2022 இல் உரமும் டொலரும் இல்லாமல் போனபோதும் இதே காரணம்தான் இங்கே முதலில் கடித்தது. நிலம் இல்லாதவரின் சமையலறைக்கும் கடை விலைக்கும் நடுவில் வேறு எந்தத் தடுப்பும் இல்லை.

குறைந்த காசில் எதைக் காப்பாற்றலாம்?

சிக்கனம் தெரியாததல்ல பிரச்சினை என்பதை மேலே பார்த்தோம். ஆனாலும் இருக்கும் காசுக்குள் சில விடயங்களைக் காப்பாற்ற முடியும். தரம் ஏழில் விகிதம் கற்பிக்கும்போது மாணவர்களுக்கு நான் ஒரு பயிற்சி கொடுப்பதுண்டு. கடையில் விலையைக் கேட்டு வந்து, ஒரு கிராம் புரதத்துக்கு எவ்வளவு காசு என்று கணக்கிட வேண்டும். காய்ந்த பருப்பிலும் பயறிலும் 100 கிராமுக்கு ஏறத்தாழ 24 கிராம் புரதம், சோயாமீற்றில் சுமார் 50 கிராம், நெத்தலிக் கருவாட்டில் 50 கிராமுக்கும் மேல், ஒரு முட்டையில் சுமார் 6 கிராம். விலையைப் புரதத்தால் பிரித்தால், டின்மீனும் பைக்கற் சிற்றுண்டியும் எங்கே நிற்கின்றன என்பதைப் பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள். விலைகள் மாறும், இந்த முறை மாறாது.

அரிசியோ ரொட்டியோ பருப்போடு சேரும்போதுதான் முழுமை பெறுகிறது. தானியத்தில் குறைவாக உள்ள லைசின் என்ற புரதக் கூறு பருப்பு வகைகளில் அதிகம். பருப்பில் குறைவாக உள்ளது தானியத்தில் இருக்கிறது. ஆகவே தேங்காய்ச் சம்பலோடு மட்டும் ரொட்டி சாப்பிடும் ஐந்து நாளில் இரண்டு நாளையாவது பயறுக்கோ கௌபிக்கோ மாற்றுவது பெரிய வித்தியாசம். முதல்நாள் இரவே ஊறப்போட்டால் விறகும் மிச்சம்.

நெத்தலியைத் தலையோடும் முள்ளோடும் சாப்பிடுவதால் கல்சியமும் கிடைக்கும். உப்பு அதிகம் என்பதால் தண்ணீரில் ஊறவைத்துக் கழுவ வேண்டும். சிறு பிள்ளைக்கு அதை வறுத்துத் தூளாக்கிச் சோற்றில் பிசைந்து கொடுக்கலாம்.

தேயிலை பறிப்பவர்களிடமே தேநீரைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. சாப்பாட்டோடு குடிக்கும் தேநீர், உணவிலுள்ள இரும்புச்சத்து உடலில் சேர்வதைக் குறைக்கிறது. இரத்தசோகை உள்ள பெண்கள் சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துத் தேநீர் குடிப்பது ஒரு சதமும் செலவில்லாத மருந்து. கீரைக் கறியில் அரைத் தேசிக்காய் பிழிந்தால் இரும்புச்சத்து நன்றாகச் சேரும். முருங்கை, வல்லாரை, பொன்னாங்காணி எல்லாம் லயத்து ஓரத்தில் ஒரு சாக்குப் பையிலும் வளரும்.

பலாமரம் சப்ரகமுவவின் சொத்து. ஆர்தர் வி. டயஸ் நாடெங்கும் பலாக்கன்று நட வைத்ததால்தான் அவரைச் சிங்கள மக்கள் 'கொஸ் மாமா' என்று அன்போடு அழைத்தனர். அனுமதியின்றிப் பலாமரம் வெட்டுவதை 1951 ஆம் ஆண்டின் சட்டமொன்று கட்டுப்படுத்துகிறது. பருவத்தில் ஒரு பலாக்காய் ஒரு வீட்டின் ஒரு வேளைச் சோற்றுக்கு ஈடு. கொட்டையும் நல்ல உணவு. தோட்டத்தில் மரம் யாருக்குச் சொந்தம் என்ற கேள்விதான் குறுக்கே நிற்கிறது.

கிளினிக்கில் கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் நிறை குறைந்த பிள்ளைக்கும் கொடுக்கும் திரிபோஷ, 1973 இல் தொடங்கிய திட்டம். அது வீட்டில் எல்லோருக்கும் பங்கு போடப்படுவதை நாம் அறிவோம். பசியுள்ள வீட்டில் அதைக் குற்றமாகப் பார்க்க முடியாது. ஆனால் அது யாருக்காகக் கொடுக்கப்பட்டது என்பதை மாமியாரிடமும் கணவனிடமும் விளக்கிச் சொன்னால் அந்தப் பங்கு ஓரளவு காப்பாற்றப்படும்.

நாம் செய்யக்கூடியவை

முதலாவது, கடை. சிறிய அளவில் வாங்குபவருக்கும் கிலோ விலைக் கணக்கிலேயே பருப்பையும் பயறையும் நெத்தலியையும் நிறுத்துக் கொடுக்க முன்வரும் கடைக்காரர், பெரிய நிவாரணம் ஒன்றைச் சத்தமின்றிச் செய்கிறார். மூன்று பொருட்களுக்கு மட்டும் செய்தாலும் போதும். கொப்பிக் கணக்கின் ஒரு பிரதியைக் குடும்பத்திடம் கொடுப்பதும், விலைப் பட்டியலைக் கண்ணில் படும்படி தொங்கவிடுவதும் சந்தேகத்தைப் போக்கும். விலை காட்சிப்படுத்துவது எப்படியும் சட்டப்படியான கடமை. மீறல்களை 1977 என்ற இலக்கத்தில் நுகர்வோர் அதிகார சபைக்கு அறிவிக்கலாம். கஷ்டத்தில் இருக்கும் கடனாளிக்கு அவகாசம் கொடுப்பது பற்றி மார்க்கம் நமக்குச் சொல்லியிருப்பதை இங்கே விரித்து எழுத வேண்டியதில்லை. மழை மாதத்துக் கொப்பி அதற்கான இடம்.

இரண்டாவது, உலர் உணவுப் பொதி. ரமழானிலும் வெள்ள நேரத்திலும் பள்ளிவாசல்களும் இளைஞர் அமைப்புகளும் கொடுக்கும் பொதிகளில் அரிசி, மா, சீனி, தேயிலை நிறைய இருக்கும். மேலே பார்த்தபடி, எந்த வீடும் கடைசிவரை விடாமல் வாங்கும் பொருட்கள் இவைதான். முதலில் கைவிடப்படுபவை பயறு, நெத்தலி, முட்டை. அதே பணத்தில் சீனியின் ஒரு பங்கைப் பயறாகவும் மாவின் ஒரு பங்கை நெத்தலியாகவும் மாற்றினால் பொதியின் நிறை குறையலாம், பயன் கூடும். பொதி கொடுக்கும் காலத்தையும் யோசிக்கலாம். ரமழான் எந்த மாதத்தில் வந்தாலும், தோட்டத்தில் வேலை நாள் குறையும் மாதமும் ஒன்று உண்டு. ஸதகாவுக்கு அண்டை வீட்டார் எந்தச் சமூகத்தவர் என்ற எல்லையும் இல்லை.

மூன்றாவது, படிவம். அஸ்வெசும திட்டத்தில் 2025 முதல் மிக வறிய குடும்பத்துக்கு 17,500 ரூபா வரையும் வறிய குடும்பத்துக்கு 10,000 ரூபா வரையும் மாதாந்தம் கிடைக்கிறது. நாம் பார்த்த 16,000 ரூபா சாப்பாட்டுக் கணக்கோடு ஒப்பிட்டால் இது எவ்வளவு பெரிய தொகை என்பது விளங்கும். ஆனால் தகவல் பிழையாகப் பதியப்பட்டதாலோ, மேன்முறையீட்டுத் திகதி தெரியாததாலோ, படிவத்தின் மொழி விளங்காததாலோ அதை இழந்தவர்கள் உண்டு. பிரதேச செயலகத்துக்குப் போய்வர ஒரு நாட்சம்பளம் இழக்க வேண்டியவருக்காக, படிவம் நிரப்பத் தெரிந்த ஓர் ஆசிரியரோ க.பொ.த. உயர்தரம் முடித்த ஓர் இளைஞரோ ஒரு ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துக்கு ஏறினால் போதும். அந்த ஒரு நாள், எந்த உணவுப் பொதியையும்விட நீண்ட காலம் நிற்கும்.

நான்காவது, நிலம். இது எம் கைக்குள் இல்லை, ஆனால் எம் குரலுக்குள் இருக்கிறது. 7 பேர்ச் காணியில் வீடு என்ற கோரிக்கையை வீட்டுக் கோரிக்கையாக மட்டுமே பார்க்கிறோம். அது உணவுக் கோரிக்கையும்கூட. முருங்கை மரம் ஒன்றும் நான்கு கோழிகளும் வைக்க இடமுள்ள குடும்பம் கடை விலையோடு தனியே மோத வேண்டியதில்லை. வேட்பாளர்கள் வாக்குக் கேட்டு வரும்போது நாட்சம்பளத்தோடு சேர்த்து இரண்டு கேள்விகளையும் கேட்க வேண்டும்: மாதத்தில் எத்தனை நாள் வேலை உத்தரவாதம்? பயிரிட எவ்வளவு நிலம்?

"காசு எங்கே போகிறது?" என்று இனி யாராவது கேட்டால் விடை சொல்ல முடியும். ஒன்றரைக் கிலோ அரிசிக்கும் மாவுக்கும் போகிறது, ஒரு தேங்காய்க்குப் போகிறது, 100 கிராம் வீதம் வாங்குவதன் மேலதிக விலைக்குப் போகிறது, ஐந்து மழை நாட்களுக்குப் போகிறது. 107 ரூபாவில் ஓர் ஆளின் மூன்று வேளையையும் நடத்தும் பெண்ணுக்குச் சிக்கனம் கற்பிக்க எம்மில் யாராலும் முடியாது. அவளுடைய 107 ரூபாவை 120 ரூபாவாக ஆக்குவதற்கு எம்மிடம் சில வழிகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றை இந்த மாதமே தொடங்கலாம்.